1967 மஸ்டாங்கில் 8 அங்குல பின் ஆக்ஸிலுக்குப் பதில் ஃபோர்டு 9 அங்குல ஹவுசிங் பொருந்துமா?

பொருந்தும் (ஹவுசிங் என்பது பின் ஆக்ஸிலின் கூடு; 8, 9 அங்குலம் என்பது உள்ளே இருக்கும் ரிங் கியரின் விட்டம்), ஆனால் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 1957 முதல் 1986 வரை ஃபோர்டு இதைப் பல அகலங்களில் செய்தது. உங்கள் மஸ்டாங்குக்கு வீல் பொருந்தும் முகத்திலிருந்து எதிர் முகம் வரை ஏறத்தாழ 59¼ அங்குலம் வேண்டும். 1965–66 மஸ்டாங்குக்கு 2 அங்குலம் குறைவு, 1971–73க்கு 2 அங்குலம் கூடுதல். அகலமானதைப் போட்டால் டயர் ஃபெண்டரில் உரசும்.

பலர் சொதப்புவது லீஃப் ஸ்பிரிங் உட்காரும் பெர்ச்சில்தான். வேறு வண்டியின் ஹவுசிங் என்றால் பழைய பெர்ச்சை வெட்டிவிட்டு, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போது பினியன் (ஆக்ஸிலின் முன்பக்கம் புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் கியர்) கோணம் பார்த்து, முதலில் புள்ளி வெல்டு மட்டும் வையுங்கள். முடுக்கும்போது ஸ்பிரிங் முறுக்கிப் பினியன் மூக்கு மேலே எழும். அதனால் ஓரிரு டிகிரி கீழ்நோக்கி வைப்பது வழக்கம். முழு வெல்டை விட்டு விட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் குழாய் வளையும்.

அப்புறம் கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு விசை கடத்தும் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தை அளந்து பாருங்கள், அதன் முனையில் மடங்கும் இணைப்பான யு-ஜாயின்ட் அளவும் மாறலாம். சாதுவான 289 (கன அங்குல) இன்ஜின் என்றால், என் கருத்தில், 8 அங்குலமே போதும்.