பிள்ளைகளோடு முல்லைத்தீவுக் கடற்கரைக்கு வரலாமா?

கேள்வி: அன்புள்ள ரீச்சர், நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். பள்ளி விடுமுறை வந்தால் நிலாவெளி, இல்லாவிட்டால் பாசிக்குடா என்றே பழகிவிட்டோம். இம்முறை முல்லைத்தீவுக்குப் போவோம் என்றேன். "அத்தனை சனம் செத்த இடத்தில் போய்க் கடல் குளிப்பதா?" என்று கணவர் தயங்குகிறார். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8 வயது. இரண்டு இரவு தங்க நினைக்கிறோம். வரலாமா? எப்போது வருவது, எங்கெங்கே போவது?
– வாசகி, கொழும்பு 6

பதில்: வாருங்கள் தங்கச்சி. உங்கள் கணவரின் தயக்கம் நல்ல மனதில் பிறந்தது. அப்படிப்பட்ட மனமுள்ளவர்கள்தான் இங்கே வரவேண்டும் என்பது என் ஆசை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எடுத்தவர்கள் போக, 2009இல் போர் எடுத்தவர்கள் போக, எஞ்சியவர்கள் திரும்பி வந்து அதே மணலில் மீனவர் குடிலான வாடி போட்டு வலை இழுக்கிறார்கள். அவர்களுடைய கடையில் தேநீர் குடிப்பதும், அவர்கள் பிடித்த மீனை வாங்கிச் சமைப்பிப்பதும் இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது. இந்தப் பெயரைக் கேட்டதும் பயந்து ஒதுங்குகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

குளிப்பதற்கும் கும்பிடுவதற்கும் வேறு வேறு இடம் உண்டு. 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் பாட்டுப் பெட்டியும் பந்தும் வேண்டாம். வாகனத்தை நிறுத்தி இறங்குங்கள். நினைவிடத்தில் ஒரு விளக்கேற்றுங்கள். மகளுக்கு 13 வயது என்கிறீர்கள். அவளிடம் மறைக்காதீர்கள். உப்பும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியைக் குடித்து இந்த மணலில் சனம் உயிர் பிடித்திருந்தது என்று சொல்லுங்கள். நினைவுநாளான மே 18க்கு முந்திய நாள்களில் வந்தால், ஊரெங்கும் அந்தக் கஞ்சியைக் கொடுப்பார்கள். பிள்ளைகளும் வாங்கிக் குடிக்கட்டும். மகனுக்கு எவ்வளவு சொல்வது என்பதைத் தாய் நீங்களே அறிவீர்கள்.

இங்கு வருகிறவர்கள் பலர் கடலைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முல்லைத்தீவை அறிய, முதுகுப் பக்கம் இருக்கும் நந்திக்கடல் என்ற களப்பையும், அதாவது கடலோரத்து உவர்நீர் ஏரியையும், பார்க்கவேண்டும். கடலுக்கும் களப்புக்கும் நடுவே நீளும் மணல் நிலத்தில்தான் வட்டுவாகலும் முள்ளிவாய்க்காலும் இருக்கின்றன. வெயில் காலத்தில் களப்பின் வாயை மணல் அடைத்துக்கொள்ளும். மாரி வெள்ளம் பெருகியதும் வாய் திறக்கும். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அதன் வழியே உள்ளே வந்து களப்பில் வளரும். நந்திக்கடல் இறாலின் இனிப்புக்குக் காரணம் இந்தக் கலங்கல் தண்ணீர்தான் என்று என் தந்தை சொல்வார். அவர் சிலாவத்தையில் வலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியிடம் கரைவலை இழுத்தவர். நான் படித்து ஆசிரியையானது அந்தக் கயிற்றுக் காசில்தான்.

அதனால் கரைவலையை உங்கள் பிள்ளைகள் கட்டாயம் பார்க்கவேண்டும். விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிச் செல்லுங்கள். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு தலைப்பிலும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். கடைசியில் மீன் சேர்ந்த மடி கரையேறும். மகன் கயிற்றைத் தொட ஆசைப்பட்டால் முதலில் கேட்கச் சொல்லுங்கள். அது அவர்களுடைய வேலைத்தலம். மீன்பாடு நன்றாக விழுந்த நாளென்றால் அவர்களே கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுப்பார்கள். மீனையும் அங்கேயே வாங்குங்கள். விலையை அடித்துப் பேசாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

குளிப்பதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். பாசிக்குடாவில் நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து பழகிய பிள்ளைகள், இங்கும் அப்படியென்று நினைத்து இறங்கிவிடுவார்கள். இது திறந்த வங்கக்கடல். ஊரவர்கள் குளிக்கும் இடத்தில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். டிசம்பர் விடுமுறையில் வந்தால் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்; வாடைக்காற்று வீசும் காலத்தில் மீனவர்களே கடலைப் பார்த்து யோசிப்பார்கள். குளிக்கத்தான் வருகிறீர்கள் என்றால் ஏப்ரல் அல்லது ஆகஸ்ட் விடுமுறை நல்லது.

வைகாசியில் வர முடிந்தால் அதைவிடச் சிறப்பு எனக்குத் தெரியாது. வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில் வற்றாப்பளை கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். முன்கூட்டியே சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். பிறகு அது வற்றாப்பளைக்குப் போகும். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு மூதாட்டி வந்து விளக்கேற்றச் சொன்னாளாம். எண்ணெய் இல்லையே என்று அவர்கள் விழிக்க, கடல்நீரை அள்ளி ஊற்றுங்கள் என்றாளாம். கோயில் களப்பின் கரையிலேயே இருக்கிறது. அங்கே நின்று இந்தக் கதையைச் சொன்னால் உங்கள் மகன் வாழ்நாளெல்லாம் மறக்கமாட்டான்.

இரண்டாம் நாள் தெற்கே இறங்குங்கள்: சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய். கடைசி ஊர்களின் சனம் 1984இல் துரத்தப்பட்டு, போர் முடிந்த பிறகுதான் வீடு திரும்பியது. கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். கூழைக்கடாவும் நாரையும் காணலாம். மாரி முடிந்த தை, மாசியில் பூநாரைகளும் இறங்குவதுண்டு. ஆகஸ்டில் வருகிறவர்கள் பூநாரையை எதிர்பார்க்க வேண்டாம். எங்கே போனாலும், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

கேள்வி: சொந்த வாகனம் இல்லாதவர்கள் எப்படி வருவது?
– வாசகர், மாத்தளை

பதில்: வடக்கு ரயிலில் மாங்குளத்தில் இறங்குங்கள். அங்கிருந்து முல்லைத்தீவுக்கு பஸ் இருக்கிறது. வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பரந்தன், புதுக்குடியிருப்பு வழி. அந்தப் பாதை வட்டுவாகல் பாலத்தால் வருகிறது. மாரியில் வெள்ளம் அங்கே மேவிப் பாயும் என்பதால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முல்லைத்தீவில் கருவாடு வாங்கினால் ஊர் போகுமுன் மணக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, வவுனியா

பதில்: வாடியில் வாங்கும்போதே ஒன்றை வளைத்துப் பாருங்கள். தசை மெத்தென்று இருந்தால் இன்னும் ஈரம் உண்டு. நன்கு காய்ந்ததைக் கேளுங்கள். பொலித்தீனில் கட்டினால் வேர்த்துப் பழுதாகும். கடதாசியில் சுற்றி, பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். வீடு சேர்ந்ததும் ஒரு முழு வெயில் காட்டியபிறகு எடுத்து வையுங்கள்.