கறுப்பின மக்களின் பாரம்பரியத்தையும் மனவுறுதியையும் கொண்டாடும் டி-ஷர்ட்டை எப்படி டிசைன் செய்வது?

திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் ஆர்ட்வொர்க் செய்கிறேன். அடிமைமுறை முடிந்ததைக் கொண்டாடும் ஜூன்டீன்த் நாளுக்காக அமெரிக்க பையர்கள் கேட்கும் பனியன்களும் எங்கள் கைக்கு வரும்.

பெரும்பாலும் கேட்பது உயர்த்திய முஷ்டி, உடைந்த சங்கிலி, ஆப்பிரிக்க வரைபடம். என்னைக் கேட்டால், நடந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1968-ல் மெம்ஃபிஸ் நகரத்தில் குப்பை லாரியின் இயந்திரத்தில் சிக்கி இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அதன்பின் வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்கள் ஏந்திய அட்டையில் படமே கிடையாது. வெள்ளைப் பின்னணியில் தடித்த எழுத்தில் 'ஐ ஆம் எ மேன்' (நான் ஒரு மனிதன்), 'ஆம்' என்பதன் கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு இருக்கும் கோபம் எந்த முஷ்டிக்கும் வராது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு, கறுப்பு, பச்சைக் கொடி 1920-ல் நியூயார்க்கில் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் இயக்கம் ஏற்றது: சிந்திய ரத்தம், மக்கள், ஆப்பிரிக்க மண். ஜூன்டீன்த் கொடி 1997-ல் வந்தது. சிவப்பும் நீலமும், நடுவில் வெள்ளை நட்சத்திரம். 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் அடிமைகளின் விடுதலை ஆணை அறிவிக்கப்பட்டதன் நினைவு அது. எந்தக் கொடி எதற்கு என்று தெரிந்து எடுங்கள்.

கறுப்புத் துணியில் கார்வி கொடியை அடிப்பதாக இருந்தால் கறுப்புக்குத் தனி ஸ்கிரீன் போடாதீர்கள். நடுப்பட்டையைத் துணியாகவே விடுங்கள். மக்களைக் குறிக்கும் நிறம் மேலே பூசிய மையாக இல்லாமல் உடுப்பாகவே ஆகிவிடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிவப்புக்கும் பச்சைக்கும் அடியில் வெள்ளை பேஸ், அதாவது முதலில் அடிக்கும் வெள்ளை மைப் பூச்சு, கட்டாயம். இல்லாவிட்டால் சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போய்விடும். பேஸை மேல் நிறத்தைவிட ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வையுங்கள், ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்காது.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள் உழைத்துக் கிழிந்த உடுப்புகளில் தைத்த ஒட்டுப் போர்வைகளையும் பாருங்கள். வெளுத்த ஜீன்ஸ் துணியில், பாக்கெட் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நீலமாக நிற்கும். ஆனால் அவற்றை அப்படியே டிரேஸ் செய்து விற்காதீர்கள். ஒவ்வொன்றும் பெயர் தெரிந்த ஒரு பெண்ணின் படைப்பு. அனுமதி கேளுங்கள், பணம் கொடுங்கள், உடுப்பில் தொங்கும் அட்டையில் (ஹேங் டேக்) அவர் பெயரைப் போடுங்கள்.