சீனக்கடைச் சாமானில் இறால் எங்கே ஒளிந்திருக்கும்?

கேள்வி: எங்கள் ஏழு வயது மகளுக்கு இறால் ஒவ்வாமை என்று டொக்டர் பரிசோதித்துச் சொல்லிவிட்டார். மீன் சாப்பிடலாமாம். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீனக்கடை இருக்கிறது. மரக்கறி, மீன், நூடில்ஸ், சோஸ் எல்லாம் அங்கேதான் மலிவு. ஆனால் பாதிச் சாமானில் சீன எழுத்துத்தான். இனி அந்தக் கடைப் பக்கமே போகக் கூடாது என்கிறார் மாமி. அப்படியா?

பதில்: போகலாம். மாமி தொட்டியில் நீந்துகிற இறாலைப் பார்த்துப் பயப்படுகிறார் போலும். அது இறால் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பெரிய ஆபத்து இல்லை.

மரக்கறிப் பக்கத்தில் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. வாங்கி வந்து கழுவிச் சமையுங்கள். மீனை முழுதாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். கடையில் வெட்டுகிற பலகையும் கத்தியும் இறாலுக்கும் அதேதான். சில கடைகளில் மீனைப் பொரித்தும் தருவார்கள், அது வேண்டவே வேண்டாம். அந்த எண்ணெயில் காலையில் இறால் பொரிந்திருக்கும். கொதிக்கிற எண்ணெயில் எல்லாம் செத்துப்போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிருமி சாகும். ஒவ்வாமையைக் கிளப்புகிற இறால் புரதம் அந்தச் சூட்டுக்கு அசையாது.

காய்ந்த சாமான் பகுதியில் காளான், தாமரை விதை, கூனி (பொடி இறால்) எல்லாம் திறந்த பெட்டிகளில் பக்கத்துப் பக்கமாக இருக்கும். அள்ளுகிற கரண்டி ஒன்றுதான். காளான் வேண்டுமென்றால் மூடிய பக்கற்றில் வாங்குங்கள்.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். குளிர்ப் பெட்டிக்குப் பக்கத்தில், வெள்ளை நுரைத் தட்டில் அரிசி மாச் சுருள் வைத்திருப்பார்கள். பார்த்தால் எங்கள் பிள்ளைகளுக்கு இடியப்ப மாவைச் சுருட்டி வைத்தது போல இருக்கும். மேலே பச்சைப் புள்ளியாக வெங்காயத்தாள். கிட்டப் பார்த்தால் இடையிடையே மங்கிய செம்மஞ்சள் துணுக்குகள், அரிசி மணியிலும் சிறியவை. கரட் என்று நினைப்பீர்கள். அது காய்ந்த கூனி. ஒன்றும் போடாத சுருளும் அதே தட்டில் பக்கத்திலேயே இருக்கும். முள்ளங்கிக் கேக் என்று ஒன்று விற்பார்கள், பெயரைக் கேட்டால் சுத்த மரக்கறி. அதிலும் பெரும்பாலும் கூனி போடுவார்கள். எக்ஸ்ஓ சோஸ், பன்றி இறைச்சி டம்ப்ளிங், நூடில்ஸ் பக்கற்றுக்குள் வருகிற சூப்புத் தூள், தாய்லாந்துக் கறிக் கூழ், கிம்ச்சி, இவை எல்லாவற்றையும் இறால் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே கையில் எடுங்கள். இறால் இல்லை என்று லேபலை வாசித்துத் தெரிந்தால் மட்டும் கூடைக்குள் போடுங்கள்.

கனடாவில் 2012 ஆகஸ்ட் 4 முதல் சட்டம் தெளிவு. பொதி செய்த உணவில் இறால் சேர்த்திருந்தால், இறால் என்று பெயர் சொல்லி, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுத வேண்டும். ஆகவே சீன எழுத்து வாசிக்கத் தெரியாதது உங்கள் குறை அல்ல. உங்களுக்கு விளங்குகிற மொழியில் எழுதுவது விற்கிறவன் கடமை.

எழுதுகிறார்களா? பக்கற்றின் பின்புறத்தில் ஒரு வெள்ளை ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். அதை ஒட்டுகிறவர் பெரும்பாலும் இங்குள்ள இறக்குமதியாளர். ஒழுங்கான ஆள் மூலப் பட்டியலை வரிக்கு வரி மொழிபெயர்த்து ஒட்டுவார். மற்ற ஆள் நாலு சுவைக்கும் ஒரே ஸ்ரிக்கரை அடித்து ஒட்டிவிட்டுப் போவார், அதுவும் சீனப் பட்டியலுக்கு மேலேயே. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி உணவு இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம். உரிமம் இருக்கிறது, ஸ்ரிக்கரும் இருக்கிறது. ஸ்ரிக்கரில் எழுதியது பக்கற்றுக்குள் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு கொள்கலனிலும் யார் நின்று பார்க்கிறார்கள்? பல தடவை ஒரு பிள்ளை உடம்பு தடித்து வாந்தியெடுத்த பிறகுதான் சாமானைத் திரும்பப் பெறும் அறிவித்தல் வருகிறது. அதுவும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் வரும். இந்த நகரத்தில் யார் யார் அந்தச் சாமானை வாங்குகிறார்கள் என்று அறிவித்தல் விடுகிறவர்களுக்குத் தெரியாதா என்ன!

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஸ்ரிக்கர் இல்லாத சாமானை எடுக்காதீர்கள். சீனப் பட்டியலை மூடி ஒட்டியிருந்தாலும் எடுக்காதீர்கள். இரண்டும் தெரிந்தால் கைபேசிக் கமராவால் சீனப் பட்டியலை மொழிபெயர்த்துப் பாருங்கள். சீனத்தில் பதினைந்து பொருள், ஸ்ரிக்கரில் ஆறு என்றால் திரும்ப வைத்துவிடுங்கள். கமரா இறால் என்று சொன்னால் நம்புங்கள். சொல்லாவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது பாதி எழுத்தைக் கோட்டை விட்டுவிடும். ‘இறால் இருக்கக்கூடும்’ என்கிற எச்சரிக்கை வரி கட்டாயம் இல்லை, கம்பனியின் விருப்பம். அந்த வரி இல்லாததைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

கடையிலேயே தட்டில் போட்டுச் சுற்றிக் கொடுக்கிற சாமானுக்குப் பல வேளை உட்பொருள் பட்டியலே தேவையில்லை என்று அதே சட்டம் விட்டுவைத்திருக்கிறது. மேலே சொன்ன அரிசிச் சுருள் அங்கேதான் நழுவுகிறது. இதை யார் எழுதினார்களோ தெரியாது, ஒவ்வாமைப் பிள்ளை வளர்த்தவராக இருக்க முடியாது.

இன்னொரு கூட்டம், வாட்ஸ்அப் குழுக்களில் விற்கிற எங்கள் ஆட்கள். பெரிய பெட்டியை உடைத்து, உள்ளே இருக்கிற சின்னப் பக்கற்றுகளைத் தனித்தனியாக விற்பார்கள். உட்பொருள் பட்டியல் உடைத்த பெட்டியில் இருக்கும், பெட்டி குப்பையில் இருக்கும். ‘அக்கா, நானும் இதைத்தான் என் பிள்ளைக்குக் கொடுக்கிறேன்’ என்பார்கள். அவர்கள் பிள்ளைக்கு ஒவ்வாமை இல்லை.

ஒயிஸ்ரர் சோஸைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். இறால், நண்டு, சிங்கி இறால் ஒரு வகை. சிப்பி, மட்டி, கணவாய் வேறு வகை. இறால் ஒத்துக்கொள்ளாத சிலருக்குச் சிப்பியும் ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு ஒன்றும் செய்யாது. உங்கள் மகள் எந்தப் பக்கம் என்பதை ஒவ்வாமை டொக்டரிடமே கேளுங்கள், கேட்கும் வரை ஒயிஸ்ரர் சோஸ் வேண்டாம். கனடாச் சட்டத்தில் இரண்டு வகையும் அடக்கம், ஆகவே இங்கே விற்கிற போத்தலில் சிப்பி என்று இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் 2006இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இறால், நண்டு வகையைத்தான் கட்டாயப்படுத்துகிறது, சிப்பி அதில் இல்லை. பஃபலோவுக்குப் போய்வந்த மச்சான் மலிவாக வாங்கி வந்த போத்தலில் சோயா, கோதுமை இருக்கிறது என்று தடித்த எழுத்தில் இருக்கும், சிப்பி அந்த வரியில் வராமலே போகலாம். முழுப் பட்டியலையும் வாசித்தால்தான் பிடிபடும். வேறு சோஸ்களில் மணமூட்டி என்ற ஒரு சொல்லுக்குள்ளும் அது அடங்கிவிடலாம். அந்தப் போத்தலை மச்சானே வைத்திருக்கட்டும். காளானில் செய்த சைவ ஒயிஸ்ரர் சோஸ் கடையில் அதே தட்டில் இருக்கிறது. நிறமும் போத்தலும் ஒன்று போல இருக்கும், பார்த்து எடுங்கள்.

டொக்டர் எழுதித் தந்த எப்பிப்பென் (ஒவ்வாமைக்கான அவசர ஊசி) எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். கனேடிய உணவுப் பரிசோதனை முகமையின் ஒவ்வாமை அறிவித்தல்களை மின்னஞ்சலில் இலவசமாகப் பெறலாம், பதிந்துவிடுங்கள்.

எப்போதாவது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், முதலில் ஊசி, பிறகு 911. பிள்ளை தேறியதும் மிச்சச் சாமானையும் பக்கற்றையும் எறிந்துவிடாதீர்கள், கடைக்காரரோடு போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். ஸ்ரிக்கரில் இறக்குமதியாளரின் பெயர் இருக்கும். அதைப் படமெடுத்து, பற்றுச்சீட்டையும் சேர்த்து அந்த முகமைக்கு அனுப்புங்கள். பக்கற்றைக் கட்டி உறைபெட்டியில் வையுங்கள், பரிசோதகர் கேட்பார்.