இரண்டு சீட் காரும் எனாமல் தூக்குச்சட்டியும்

தம்பி, செகண்ட் ஹேண்டில் போர்ஷே பாக்ஸ்டர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஆறு மாதமாகியும் மனைவி அதில் இரண்டு தடவைதான் ஏறினார், அவருக்குப் பழைய சாமான் கடைகள்தான் உயிர் என்று எழுதியிருந்தீர்கள். நானும் காரைக்குடிதான், என்னிடமும் ஒரு இரண்டு சீட்டர் நிற்கிறது.

என் மனைவிக்கும் கார் பிடித்தே ஆகவேண்டும் என்று நினைத்ததுதான் நான் செய்த தப்பு. எஞ்சின் சத்தத்தைக் கேள் என்று கானாடுகாத்தான் வரை கூட்டிப்போனேன். ஒரு வேகத்தடையில் அடிப்பாகம் கர்ரென்று உரசியது. கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை. சரி, அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது ஞாயிறு விடிகாலையில் திருமயம் சாலையில் நான் மட்டும். கோட்டை கண்ணில் பட்டதும் திரும்பிவிடுவேன். சனிக்கிழமை, பழைய சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் அவளோடு. அங்கே செல்போனை நோண்டாமல் நிற்பதுதான் கஷ்டம்!

அப்புறம், டயர், சர்வீஸ் செலவை மட்டும் மறைக்காதீர்கள். என் வீட்டில் சண்டையே அதில்தான் வந்தது.

பாக்ஸ்டருக்கு எஞ்சின் நடுவில் இருப்பதால் முன்னாலும் பின்னாலும் டிக்கி உண்டு. எனாமல் தூக்குச்சட்டி தாராளமாக அடங்கும். தேக்குக் கதவு வாங்கினால் குட்டியானை வண்டிதான்.