பொஸ்ஸுக்கு ரெண்டு பேர்டி

கேள்வி: கோல்ஃப் ஆடுற எங்கட பொஸ் திங்கக்கிழமை வந்தா "நேற்று ரெண்டு பேர்டி, கடைசி ஹோல்ல டபுள் போகி" எண்டு சொல்லுவார். சந்தோசப்படுறதா கவலைப்படுறதா எண்டு தெரியாம சும்மா சிரிச்சு வைக்கிறன்.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ரெண்டு தரம் கைகுடுத்துட்டு, பிறகு ஒருக்கா "ஐயோ" சொல்லுங்க. முதல்ல 'பார்' பிடிபடோணும் (தவறணை பார் இல்ல, அதுவும் கிளப்ல இருக்கும்தான்). ஒரு குழிக்குள்ள பந்தைப் போட நல்லா ஆடுற ஆளுக்கு எத்தனை அடி தேவை எண்டு முதலே போட்டு வைச்ச கணக்குதான் பார், தூரத்தைப் பொறுத்து 3, 4 இல்லாட்டி 5. பார் 4 குழியை 3 அடியில முடிச்சா பேர்டி, 2ல முடிச்சா ஈகிள், பார் 5ஐ 2 அடியிலயே முடிச்சா அல்பட்ரொஸ், அது லேசில நடக்காது, நடந்தா பொஸ் திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்க மாட்டார், அண்டைக்கே போன் வரும். பாரை விட ஒண்டு கூடினா போகி, ரெண்டு கூடினா டபுள் போகி. கிரிக்கெட்ல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பறவை டக், அது வெட்கம், இங்க பறவை பெருசாகப் பெருசாகப் பெருமை. அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சில நல்லா அமைஞ்சதை 'பேர்ட்' எண்டுவாங்களாம், அதில வந்ததுதான் பேர்டி. போகிதான் பாவம், 1890கள்ல இங்கிலாந்தில அதுதான் நல்ல ஆட்டத்துக்கு அளவு, பிறகு பார் வந்து கதிரையைப் பிடிக்க இது ஒரு படி இறங்கிட்டுது.

கேள்வி: தன்ட ஹன்டிகெப் 18 எண்டு ஒருத்தர் பெருமையாச் சொன்னார். அது கூடவா, குறைவா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஹன்டிகெப் எண்டா அடிச்ச மொத்த அடியில இருந்து சலுகையாக் கழிச்சு விடுற எண்ணிக்கை, கோல்ஃப்ல அது குறைய இருக்கிறதுதான் நல்லது. 2020ல வந்த உலகப் பொது முறையில உச்சம் 54, அதைப் பார்க்க 18 மோசமில்ல. ஒழுங்கையில கிரிக்கெட் ஆடேக்க சின்னவனுக்கு "முதல் போல்ல அவுட் இல்ல" எண்டு விட்டுக்குடுப்பம்தானே, அதையே இவங்க கணக்காக்கி வைச்சிருக்கிறாங்க. எல்லாக் குழிக்கும் சேர்த்துப் பார் 72 வாற மைதானத்தில அவர் 90 அடிச்சா 18 கழிச்சு 72, ஹன்டிகெப் சைபரா உள்ள பெரிய கை 73 அடிச்சா தோத்தது பெரிய கைதான். மைதானத்தைப் பொறுத்து இந்த 18 கொஞ்சம் ஏறி இறங்கும், அதை விடுங்க.

கேள்வி: களனிவெளி ட்ரெயின் பொரளையில கோல்ஃப் மைதானத்துக்குள்ளால போகேக்க ஒருத்தர் "ஃபோர்" எண்டு கத்தினார். பவுண்டரியே இல்லையே?
- ஸ்கூல் போற வாசகர், நுகேகொட

பதில்: அது நாலு இல்ல தம்பி, "முன்னுக்கு நிக்கிறவங்க கவனம், பந்து வருது" எண்டு அர்த்தம். நீங்க பார்த்தது றோயல் கொழும்பு கிளப், 1879ல காலிமுகத்திடல்ல தொடங்கிப் பிறகு பொரளைக்கு வந்தது. பந்து 46 கிராம்கூட இல்ல, ஆனா மண்டையில பட்டா விளங்கும். அந்தச் சத்தம் கேட்டா நிமிர்ந்து தேடாம தலையைப் பொத்திக் குனியுங்க, ட்ரெயினுக்குள்ள எண்டா ஷட்டரை இறக்குங்க.