பீஸ் ஸ்டேஷனில் வந்த பி.பி.க்கு பென்ஷன் கிடையாதா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் 22 ஆண்டுகள் இருந்து 2017-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். 2010 முதல் 2012 வரை காஷ்மீரில் குப்வாரா பக்கம் டியூட்டி. 2013-ல் அம்பாலாவுக்கு மாறிவந்த பிறகு நடந்த பரிசோதனையில் ரத்த அழுத்தம் என்று சொல்லி லோ மெடிக்கல் கேட்டகரியில் (உடல்தகுதி குறைந்தவர் பட்டியலில்) வைத்தார்கள். வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு ‘30 சதவீதம், ஆயுள் முழுதும்’ என்று எழுதியது. ஆனால் டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. நாங்கள் அப்போது அப்பீல் செய்யவில்லை. இப்போது ஒருவர், “நான் வாங்கித் தருகிறேன், அரியரில் 30 சதவீதம் எனக்கு, அசல் பேப்பர்களைக் கொடுங்கள்” என்கிறார். கொடுக்கலாமா? காலம் கடந்துவிட்டதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: அசல் பேப்பர் ஒன்றையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், சகோதரி. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), அந்த மறுப்புக் கடிதம் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். காலம் முழுதாகக் கடந்துவிடவில்லை. ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு.

டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு இரண்டு நிபந்தனைகள். பாதிப்பு 20 சதவீதமாவது இருக்க வேண்டும். அது ராணுவப் பணியால் வந்ததாகவோ, பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். உங்கள் கணவர் முதலாவதில் தேறிவிட்டார், தட்டியது இரண்டாவது. ‘என்.ஏ.என்.ஏ.’ என்று முன்னாள் படைவீரர்கள் சொல்வது இதைத்தான்: பணியால் வரவும் இல்லை, பணியால் கூடவும் இல்லை. காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘பீஸ் ஸ்டேஷனில் (சண்டைச் சூழல் இல்லாத முகாமில்) தொடங்கியது’ என்ற ஒரே வரிதான் இருக்கும். அச்சில் வார்த்த வரி.

இதன் வேர், ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டிக் கையேட்டில் இருக்கிறது. ஃபீல்டு ஏரியா எனும் களப்பகுதி, உயர்ந்த மலைப்பகுதி, தீவிரவாத எதிர்ப்புப் பணி போன்ற இடங்களில் இருக்கும்போது ரத்த அழுத்தம் தொடங்கினால், பணியால் மோசமானதாகக் கொள்ளலாம் என்கிறது அது. உங்கள் கணவருக்கு அம்பாலாவில் ‘தொடங்கியது’ என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் அங்கே நடந்தது கண்டுபிடிப்பு மட்டும்தானே. ரத்த அழுத்தம் அறிகுறி காட்டாமல் வருவது, கருவியைக் கட்டிப் பார்க்கிற அன்றுதான் தெரியும். இரண்டு வருடக் குப்வாராவுக்கு அடுத்த வருடமே தெரிந்திருக்கிறது என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். படையினரின் பணி வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் ஏற்ற வாதமும்கூட.

முதல் வேலை, காகிதங்களைச் சேர்ப்பது. வெளியே வரும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் முழு நகல் வேண்டும், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்ற படிவம் அது. கூடவே ராணுவத்தில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், 2013-ன் கேட்டகரி போர்டு தாள், எந்த ஆண்டு எங்கே போஸ்டிங் என்ற விவரம். கையில் இல்லாதவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் அவருடைய பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸிடம் கேளுங்கள். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். மனு உங்கள் பெயரில் வேண்டாம். மருத்துவத் தாள் அவருடைய அந்தரங்க ஆவணம், மனைவி கேட்டாலும் ‘மூன்றாம் நபர்’ என்று திருப்பிவிடுவார்கள். அவர் கையெழுத்தில், ராணுவ எண்ணோடு போகட்டும். டிஸ்சார்ஜ் புக்கில் சைன்ய சேவா மெடல், ஜம்மு காஷ்மீர் கிளாஸ்ப் (மெடல் ரிப்பனில் சேர்க்கும் இடப்பெயர்ப் பட்டை) என்று பதிந்திருக்கிறதா பாருங்கள். குப்வாராவுக்கு அதுவும் ஒரு சாட்சி.

பிறகு ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வழியாக முதல் அப்பீல். மறுப்பு வந்த ஆறு மாதத்துக்குள் போட்டிருக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்கும்படி ஒரு பத்தி எழுதி, ரெஜிஸ்டர் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். மனுவில் மூன்று விஷயம் போதும்: சேரும்போது அவருக்கு எந்த நோயும் குறிக்கப்படவில்லை, கண்டுபிடிப்பதற்குச் சற்று முன்பு வரை எங்கே, எவ்வளவு காலம் இருந்தார், போர்டு எழுதிய மறுப்பில் அந்த ஒற்றை வரியைத் தவிரக் காரணமே இல்லை. தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது இதைத்தான்: சேரும்போது குறிப்பு இல்லையென்றால் அவர் ஆரோக்கியமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், நோய் பணியால் வரவில்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது, போர்டு காரணம் எழுத வேண்டும். இந்தத் தீர்ப்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மீதியை விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில், ‘சேரும்போது குறிப்பு இல்லை’ என்பதை எல்லா நோய்க்கும் இயந்திரம்போல் பொருத்த முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால்தான் போஸ்டிங் விவரத்தை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

இப்போதைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைக் கட்டுக்கட்டாக இணைக்காதீர்கள். கேள்வி இன்று எவ்வளவு பி.பி. என்பதல்ல, 2013-ல் ஏன் வந்தது என்பது. மறு பரிசோதனையும் நீங்களாகக் கேட்காதீர்கள். கையில் இருக்கும் ‘30, ஆயுள் முழுதும்’ பெரிய பலம். புதிய போர்டு 20-க்குக் கீழே எழுதிவிட்டால் அடிப்படையே போய்விடும்.

அப்பீலுக்கு ஆறு மாதம் வரை பதிலே இல்லையென்றால், சட்டப்படி சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதில் மறுப்பாக வந்தால் இரண்டாவது அப்பீல் உண்டு, அதையும் முடித்துவிட்டுப் போவது நல்லது. தாமதத்தின் விலை இங்கேதான். பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படும் தொடர் தவறு என்பதால் வழக்கை ஒரேயடியாகத் தள்ளமாட்டார்கள். ஆனால் தர்சேம் சிங் வழக்கின் (2008) தீர்ப்புப்படி அரியர், வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். இனி ஒவ்வொரு மாதம் தள்ளினாலும் ஒரு மாத அரியர் போகும்.

தொகையையும் பார்த்துவிடுவோம். முழு ஊனத்துக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். அடிப்படைச் சம்பளமும் மிலிட்டரி சர்வீஸ் பேயும் (ராணுவப் பணிக்கான கூடுதல் சம்பளம்) சேர்த்து 40,000 என்று வையுங்கள், அதில் 12,000. அவருடைய 30 சதவீதத்துக்கு 3,600 ரூபாய். 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று ராம் அவ்தார் வழக்கில் 2014-ல் தீர்ப்பானது. அப்படியானால் மாதம் 6,000, அதன்மேல் அகவிலை நிவாரணம். இந்த 50-ஐ மனுவில் தனிக் கோரிக்கையாக எழுத வேண்டும். கேட்காவிட்டால் 30-க்கு மட்டும் உத்தரவு வாங்கிக்கொண்டு மறுபடி அலைய நேரும். மூன்று ஆண்டு அரியர் அகவிலை இல்லாமலே 2,16,000. உங்களிடம் வந்தவர் அதில் ஏறக்குறைய 65,000 கேட்கிறார்!

வக்கீல் இல்லாமலே தீர்ப்பாயத்தில் உங்கள் கணவரே வாதாடலாம். பழக்கமில்லாதவர்களுக்கு அது சிரமம்தான். வேலூரில் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். படைவீரர் குடும்பங்களுக்கென்று தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் வீர் பரிவார் சகாயதா திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது, அதில் இலவச சட்ட உதவி உண்டு. வக்கீல் வைத்தாலும் கட்டணத்தை எழுத்தில் பேசி, நகல்களை மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று. உத்தரவு வந்தாலும் பிரயாக்ராஜ் பென்ஷன் அலுவலகம் திருத்திய பி.பி.ஓ. போட்டு, ஸ்பார்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் தளத்தில் ஏறினால்தான் பணம் வரும். உத்தரவில் சொன்ன கெடு தாண்டினால், நிறைவேற்றக் கோரி அதே தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். ஸ்பார்ஷில் அவர் வாழ்நாள் சான்று புதுப்பித்திருக்கிறாரா, வங்கிக் கணக்கு சரியா என்று இந்த வாரமே பாருங்கள்.