ஊத மாட்டேன் என்றால்?

அன்புள்ள ஐயா,

என் தங்கை மகன் கல்யாண வரவேற்பு முடிந்து பைக்கில் வரும்போது கிண்டி அருகே போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். ‘எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லத் தேவையில்லை, அரசியல் சாசனம் 20(3)’ என்று மறுத்துவிட்டான். வாட்ஸ்அப்பில் படித்ததாம். கைது செய்து, வழக்கும் போட்டுவிட்டார்கள். மறுக்க உரிமை இல்லையா?

வாசகர், தாம்பரம்

அன்புள்ள நண்பருக்கு,

வாட்ஸ்அப்பில் வந்தது பாதிக் கதை. 20(3) இருப்பது உண்மைதான். ஆனால் கைரேகை, கையெழுத்து மாதிரி கொடுப்பதெல்லாம் அதில் அடங்காது என்று காத்தி காலு ஓகத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் 1961-லேயே சொல்லிவிட்டார்கள். மூச்சை மட்டும் வேறு கணக்கில் வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் இன்னும் கறார். குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், ஊத மறுத்தவரை வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் (பிரிவு 203). தக்க காரணம் காட்டாவிட்டால், மறுத்ததையே அரசுத் தரப்புக்கு வலுவாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் (205). வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதற்குக் கீழே இருந்தேன் என்று காட்ட இருந்த வழியை உங்கள் மருமகன் தானே அடைத்துக்கொண்டார்.

கருவி தப்பாகக் காட்டினால்? எனக்கே நடந்தது. பல் பிடுங்கிய அன்று மவுத்வாஷ் கொப்பளித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். இரண்டு தெரு தள்ளி சோதனை. ஏட்டு புதுக் குழாயை உறை பிரித்து மாட்டி நீட்டினார். ஊதினேன், எண் மளமளவென்று ஏறியது. விஷயத்தைச் சொன்னேன். “எல்லாரும் இதைத்தான் சார் சொல்றாங்க” என்றார். ஆனாலும் நல்ல மனுஷன், தடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார். பூஜ்யம். வாயில் ஒட்டியிருப்பது கால் மணி நேரத்தில் போய்விடும், ரத்தத்தில் கலந்தது போகாது. சந்தேகம் இருந்தால் மறுபடி ஊதுகிறேன், ரத்தம் எடுங்கள் என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

போலீசுக்கும் ஒரு கெடு உண்டு. குடித்து ஓட்டியதாகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் (202). கைதான நேரம், மருத்துவர் பார்த்த நேரம் இரண்டையும் எழுதிக்கொண்டு வழக்குரைஞரிடம் போகச் சொல்லுங்கள். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமேகூட விதிக்கலாம்.

அப்புறம், அவர் அன்று குடித்திருந்தாரா என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்குச் சொல்ல வேண்டாம். வழக்குரைஞரிடம் மறைக்காமல் இருந்தால் சரி.